இரண்டு கதவுக் கார்

ஓகஸ்ட் 18, சனி

ஸ்காபரோவில் எங்கள் வீட்டிலிருந்து ஒஷாவா வைத்தியசாலைக்கு மூன்று பஸ். இன்று போய்ப் பார்த்தேன். இரண்டு மணி பத்து நிமிடம். செப்டெம்பர் பதினேழிலிருந்து காலை ஏழு மணிக்கு அங்கே எக்ஸ்ரே பிரிவில் பயிற்சிக்கு நிற்க வேண்டும். எங்கள் தெருவில் முதல் பஸ் ஐந்தே காலுக்கு. கார் வாங்காமல் முடியாது.

கையில் ஆறாயிரத்து ஐந்நூறு டொலர் இருக்கிறது. மூன்று வருடம் மருந்துக்கடையில் காசாளராக நின்று சேர்த்தது.

இணையத்தில் தேடி இரண்டைப் பொறுக்கி வைத்திருக்கிறேன். இரண்டுமே இரண்டு கதவு, தாழ்ந்த கூரை, பந்தயக் கார் மாதிரி மூக்கு. ஒன்று சிவப்பு, ஜப்பான் கார், ஒன்பது வயது, கையால் கியர் மாற்றி ஓடுவது, ஆறாயிரம். மற்றது சாம்பல், கொரியக் கார், ஏழு வயது, ஓட்டோமற்றிக், ஏழாயிரத்து இருநூறு.

ஏன் இப்படிப்பட்ட கார் என்று யாராவது கேட்டால் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. நாலு கதவுக் காரை எல்லோரும் தேடுவதால் விலை கூட, இதைக் குடும்பக்காரர் தேடுவதில்லை. சிறியது, பெற்றோல் குறைவு. எங்கள் வாசலில் அப்பாவின் வான் நின்றால் மிச்சமிருக்கும் இடம் இதற்குத்தான் காணும். எல்லாம் உண்மை.

ஓகஸ்ட் 19, ஞாயிறு

சாப்பிடும்போது சொன்னேன். அப்பா போனில் படத்தைப் பார்த்தார்.

"நாங்கள் நாலு பேர் இருக்கிறம். பின்னாலை ஆர் ஏறுறது?"

"உங்களிட்டை வான் இருக்குத்தானே அப்பா."

"அதுக்கில்லைப் பிள்ளை. கார் எண்டா வீட்டுக்கு ஒரு கார். ஒருத்தருக்கு மட்டும் எண்டு ஆர் வாங்குவினம்?"

அம்மா போனை வாங்கவே இல்லை. "பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்கடி ரேஸ் கார்?" என்றார். தம்பி ஆருஜன்தான் போனைப் பறித்து இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தான். பத்தொன்பது வயது, பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் தொடங்கப் போகிறான். போன வருடம் நெடுஞ்சாலையில் நூற்று அறுபதில் வானை ஓடி மூன்று மாதம் லைசென்ஸ் பறிபோனவன். அதற்குப் பிறகு அப்பா வான் சாவியைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுக்கிறார்.

"அக்கா, சாம்பல் கார் செம வடிவு," என்றான்.

ஓகஸ்ட் 25, சனி

ஏஜக்ஸுக்குப் போய்ச் சிவப்புக் காரைப் பார்த்தேன். விற்பவர் கரொலின் என்ற நர்ஸ், ஐம்பது வயதிருக்கும். முழங்கால் நோவால் கிளட்ச் மிதிக்க முடியவில்லை, அதனால்தான் விற்கிறாராம். எண்ணெய் மாற்றிய பற்றுச்சீட்டுகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார்.

எனக்குக் கியர் கார் ஓடத் தெரியாது என்றேன். பள்ளிக்கூடம் ஒன்றின் வெறும் தரிப்பிடத்துக்குக் கூட்டிப் போனார். நான் ஓட, நாலு தரம் எஞ்சின் நின்றுவிட்டது. ஐந்தாவது தரம் காலுக்குக் கீழே ஏதோ கொளுவிக்கொண்டது போல இருந்தது, கார் தானாகவே போவது மாதிரி. முதலாவதிலிருந்து இரண்டாவது, இரண்டாவதிலிருந்து மூன்றாவது. கரொலின் கை தட்டினார். தரிப்பிடத்தைப் பதினொரு தரம் சுற்றினேன்.

எத்தனை தரம் என்று ஏன் எண்ணினேனோ தெரியாது.

செவ்வாய் வரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றார்.

ஓகஸ்ட் 26, ஞாயிறு

சாம்பல் கார் நிற்கும் விற்பனை நிலையத்துக்குக் குடும்பமாகப் போனோம். நான் தனியாகப் போகத்தான் இருந்தேன். விற்பனையாளர் சாவியை ஆருஜனிடம் நீட்டினார். அவனும் வாங்கிக்கொண்டான். முதல் சுற்று அவன் ஓட, அப்பா பக்கத்தில். இரண்டாவது சுற்று நான் ஓடினேன், ஆருஜன் பின்னால் மடங்கி இருந்தபடி ரேடியோவைச் சத்தமாகப் போடச் சொன்னான்.

காரில் குறை ஒன்றும் இல்லை. நல்ல கார்.

ஓகஸ்ட் 27, திங்கள்

அம்மா இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என் அறைக்கு வந்து கட்டிலில் இருந்தார். வழமையாக வரமாட்டார்.

"சாம்பலையே எடு. மிச்சக் காசை அப்பா போடுவார்."

"எனக்குச் சிவப்புத்தான் பிடிச்சிருக்கு அம்மா. அது என்ரை காசுக்குள்ளை வரும்."

"அதைத் தம்பிக்கு ஓடத் தெரியாதெல்லே. அவனும் எப்பவாவது எடுத்துக்கொண்டு போகவேணும். அவனும் பாவம், ஆம்பிளைப் பிள்ளை, பஸ்ஸிலை போய் வாறான்."

நானும் பஸ்ஸில்தான் மூன்று வருடம் போய் வந்தேன். அதைச் சொல்லவில்லை. சாம்பல் காரில் குளிருக்கு இருக்கை சூடாகும், அது பரவாயில்லை என்று சொன்னேன்.

ஓகஸ்ட் 28, செவ்வாய்

கரொலினுக்குப் போன் எடுத்து வேண்டாம் என்றேன். "பரவாயில்லை, ஆனால் அந்தக் கார் உனக்குத்தான் பொருந்தியது," என்றார். உடுப்புத் தோய்த்தேன்.

செப்டெம்பர் 5, புதன்

சாம்பல் காரை என் பெயரில் வாங்கியாயிற்று. காப்புறுதி முகவரிடம் போனோம். அப்பாவுக்குத் தெரிந்த தமிழ் ஆள். இந்தக் காரை ஓடக்கூடிய வேறு யாரும் வீட்டில் இருக்கிறார்களா என்று படிவத்தில் ஒரு கேள்வி. ஆருஜனின் பெயரைப் போட்டால் மாதக் கட்டணம் எழுநூறு டொலர் வருமாம். அப்பா என்னைப் பார்க்காமல், "ஒருத்தரும் இல்லை," என்றார். கையொப்பம் வைக்கும் இடத்தை முகவர் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினார். வைத்தேன்.

செப்டெம்பர் 17, திங்கள்

முதல் நாள். வீட்டிலிருந்து நாற்பது நிமிடம். ஆறரைக்கே போய்ச் சேர்ந்து தரிப்பிடத்தில் காருக்குள் இருந்து பாண் சாப்பிட்டேன். எக்ஸ்ரே பிரிவில் மேற்பார்வையாளர் கண்டிப்பானவர். முதல் வேலையாகப் பொலிஸ் சான்றிதழைக் கேட்டார். எந்தக் குற்றமும் பதிவில் இல்லை என்ற கடிதம். அது இல்லாமல் ஒருவரும் நோயாளியைத் தொட முடியாது.

ஒக்டோபர் 13, சனி

பெற்றோல் முள் நேற்றிரவு பாதியில் நின்றது. இன்று காலை அடியில் நிற்கிறது. ஆருஜனைக் கேட்டேன். "ஒருக்கா கோப்பி வாங்கப் போனனான் அக்கா." கோப்பிக் கடை ஐந்து நிமிட நடை.

அம்மாவிடம் சொன்னேன். "சாவியைக் கண்ட இடத்திலை வைக்காதை," என்றார். சாவி எப்போதும் மாட்டும் இடத்தில்தான் மாட்டியிருந்தது.

ஒக்டோபர் 27, சனி

பின் இருக்கையில் கஞ்சா மணம். யன்னல்களை இறக்கிவிட்டு ஒரு மணித்தியாலம் குளிரில் ஓடித் திரிந்தேன். சாவியை இனி என் கைப்பைக்குள் வைக்க வேண்டும்.

நவம்பர் 3, சனி

மழை. கடையில் காலை வேலை. பின்னேரம் காய்ச்சல் வருவது போல இருந்தது, மாத்திரை போட்டுப் படுத்துவிட்டேன்.

நவம்பர் 4, ஞாயிறு

வெயில் எறித்தது. காரைக் கழுவினேன். வலப்பக்கக் கண்ணாடி உடைந்திருக்கிறது, முன் விளக்கும் வெடிப்பு. குப்பைத் தொட்டியில் இடித்துவிட்டதாக ஆருஜன் சொன்னான். அவன் மத்தியானம் வரை எழும்பவில்லை.

கோழிக்கறி. காருக்குப் பனிக்கால ரயர் எங்கே மலிவு என்று பார்த்தேன்.

நவம்பர் 5, திங்கள்

பயிற்சியில் பதினாறு எக்ஸ்ரே படங்கள் எடுத்தேன். மேற்பார்வையாளர் நான் எடுத்த நெஞ்சுப் படம் ஒன்றை மற்ற மாணவர்களுக்குக் காட்டினார்.

மத்தியானம் சாப்பாட்டறை தொலைக்காட்சியில் செய்தி. சனி மாலை ஐந்தரைக்கு மார்க்கம் வீதியில் சைக்கிளில் உணவு கொண்டுபோன மாணவி ஒருத்தியை ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. வயது இருபத்தொன்று. நிலைமை மோசம். சாம்பல் நிற இரண்டு கதவுக் கார்.

ஸ்காபரோவில் அப்படி எத்தனையோ கார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா என் காரைக் கராஜுக்குள் விடச் சொன்னார். வான் வெளியில் நின்றது. ஒஷாவாவுக்கு நாளையிலிருந்து வானில் போ, நான் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நவம்பர் 6, செவ்வாய்

வான் ஓடுவது கஷ்டம். தலைமயிர் கொட்டுகிறது.

நவம்பர் 7, புதன்

இனி எழுதாமல் இருக்க முடியாது.

நான் வந்து சப்பாத்துக் கழற்றும்போதே மூவரும் குசினி மேசையில் இருந்தார்கள். பொலிஸ் வீடு வீடாகச் சாம்பல் கார் வைத்திருப்பவர்களைத் தேடத் தொடங்கியிருக்கிறதாம். பக்கத்துத் தெருவில் ஒருவர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

ஆருஜன் அழுதான். தமிழும் ஆங்கிலமும் கலந்து சொன்னான். "நான் காணேல்லை அக்கா. மழை. ஏதோ பட்ட சத்தம் கேட்டது. ஏதோ மிருகமெண்டு நினைச்சுப் போட்டன். நிக்கேல்லை. சத்தியமா."

"புகைச்சனியா?"

அவன் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான்.

அப்பாதான் பேசினார். குரலைத் தாழ்த்தி, கடையில் விலை பேசுவது போல. "பிள்ளை, கார் உன்ரை பேரிலை. காப்புறுதியும் உன்ரை பேரிலை. நீ ஒருநாளும் பொலிசிட்டை ஒரு அபராத ரிக்கற் வாங்கேல்லை. நீயாப் போய், பயந்துபோனன், அதாலை நிக்கேல்லை எண்டு சொன்னா மன்னிப்பாங்கள். இவனெண்டா உள்ளை போடுவாங்கள். முந்தியும் லைசென்ஸ் பறிச்சவங்கள்."

"அப்பா, எனக்குப் பதிவு இருந்தா வைத்தியசாலையிலை விடமாட்டினம். படிப்பு முடிய அஞ்சு மாசம்தான் இருக்கு."

அம்மா என் கையைப் பிடித்தார். கை ஈரமாக இருந்தது, பாத்திரம் கழுவிவிட்டு வந்திருக்க வேண்டும். "உனக்கு வேறை படிப்புப் படிக்கலாம். நாளைக்கு ஒருத்தன் வந்து உன்னைக் கட்டிக்கொண்டு போவான். இவன்தானே எங்களைக் கடைசிவரை பாக்கப்போறவன்."

அதைச் சொல்லும்போது அம்மாவுக்குக் கோபமோ வெட்கமோ இல்லை. பால் முடிந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னார். ஆருஜன் மேசையைப் பார்த்தபடி இருந்தான். வேண்டாம் அக்கா என்று ஒரு சொல் சொல்லுவான் என்று காத்திருந்தேன்.

யோசிக்க நாளை ஒருநாள் தாருங்கள் என்றேன்.

நவம்பர் 8, வியாழன்

சரி என்று சொன்னேன்.

நவம்பர் 9, வெள்ளி

அப்பாவோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். வானில் போகும்போது அவர் மூன்று தரம் சொல்லித் தந்தார். எந்த வீதியால் வந்தாய், எங்கே திரும்பினாய், ஏன் நிற்கவில்லை. நான் திருப்பிச் சொன்னேன். பொய் சொல்லத்தான் போனேன். அதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

துப்பறியும் அதிகாரி ஒரு பெண். அப்பாவை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டு எனக்குத் தண்ணீர் தந்தார். நான் சொல்லத் தொடங்கினேன். மழை. மார்க்கம் வீதி. வலப்பக்கம் திரும்பினேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார். பிறகு பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

"காரை விட்டு இறங்கி அவள் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றீர்கள்?"

எனக்கு விளங்கவில்லை.

"ஜஸ்லீனுக்கு நேற்றுத்தான் பேசக்கூடிய நினைவு வந்தது. ஓட்டியவர் இறங்கி வந்து, மேற்சட்டையின் தொப்பியைத் தலையில் இழுத்துப் போட்டபடி, தன்னைப் பார்த்துக்கொண்டு நின்றதாகச் சொல்கிறாள். அவள் கையை நீட்டியிருக்கிறாள். பிறகு அவர் திரும்பிப் போய்க் காரில் ஏறியிருக்கிறார். எவ்வளவு நேரம் நின்றீர்கள்?"

அப்போதுதான் அவள் பெயர் எனக்குத் தெரிந்தது. ஜஸ்லீன்.

"அது நான் இல்லை," என்றேன்.

"எது?"

"ஓடினது நான் இல்லை. என்ரை தம்பி."

அந்த இடத்தில் எனக்குத் தமிழ்தான் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் மறுபடியும் சொன்னேன். வெளியே வந்தபோது அப்பா எழும்பி நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. வானில் ஏறினோம். சிவப்பு விளக்கு பச்சையாகியும் எடுக்காமல் நின்றார், பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

நவம்பர் 10, சனி

காலை எட்டு மணிக்கு வந்து ஆருஜனைக் கூட்டிப் போனார்கள். காரையும் இழுத்துப் போனார்கள். அம்மா வாசலில் இரவு உடுப்போடு நின்று பார்த்தார்.

நவம்பர் 18, ஞாயிறு

ஆருஜன் பிணையில் வந்துவிட்டான். அறையை விட்டு வருவதில்லை. அம்மா மூன்று பேருக்குத்தான் சமைக்கிறார். அது பரவாயில்லை, எனக்கு முட்டை பொரிக்கத் தெரியும்.

இன்று அவர் லண்டனிலுள்ள தன் தங்கையோடு ஸ்பீக்கரில் கதைத்தார், நான் கேட்க வேண்டுமென்றே. "ஊரிலை பெடியளை ஆமிக்காரருக்குக் காட்டிக்குடுத்தவையை எங்களுக்குத் தெரியும். சாக்குக்குள்ளை முகத்தை மறைச்சுக்கொண்டு வந்து தலையாட்டினவை. இது முகத்தை மூடாமலே போய்ச் சொல்லிப்போட்டு வந்திருக்குது. என்ரை வயித்திலை பிறந்தது."

நான் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு மேலே வந்தேன்.

டிசெம்பர் 2, ஞாயிறு

ஒஷாவாவில், வைத்தியசாலைக்குப் பத்து நிமிட நடையில், நிலக்கீழ் அறை ஒன்றுக்கு வந்துவிட்டேன். வீட்டுக்காரர் இரவு ஒன்பதுக்குப் பிறகு குளிக்க விடமாட்டார். பெட்டியை அப்பாதான் இறக்கி வைத்தார். வாசலில் நின்று, "கதவு வடிவாப் பூட்டுதோ?" என்று கேட்டார். பூட்டும் என்றேன். போய்விட்டார்.

டிசெம்பர் 14, வெள்ளி

காப்புறுதிக்காரர் என் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் வேறு ஓட்டுநர் இல்லை என்று நான் வைத்த கையொப்பம். கார் இனி எனக்குத் திரும்பி வந்தாலும் ஓட முடியாது. வழக்கு ஜூனில்.

ஜனவரி 22, செவ்வாய்

அதிகாரி போன் எடுத்தார். சம்பவம் நடந்து ஏழு நாள் கழித்துத்தான் ஆருஜனைப் பிடித்ததால் அன்று அவன் என்ன புகைத்திருந்தான் என்பதை நிரூபிக்க வழியில்லையாம். காரின் வெளிப்பக்கத்தில் ஒட்டிய தடயம் ஒன்றும் கிடைக்கவில்லையாம். நிற்காமல் போன குற்றம் மட்டும்தான் நிற்கும். "மழையில் கழுவப்பட்டிருக்கும்," என்றார்.

ஆம் என்றேன்.

மார்ச் 3, ஞாயிறு

இன்று ஜஸ்லீனைப் பார்க்கப் போனேன். அவளுடைய தோழி ஒருத்தியை இணையத்தில் தேடிக் கண்டுபிடித்து, அவள் மூலம் கேட்டுவிட்டுத்தான் போனேன். வரலாம் என்று ஜஸ்லீன் சொன்னது எனக்கே ஆச்சரியம்.

நிலக்கீழ் வீடு. நாலு பெண்கள். வாசலில் எட்டு ஜோடிச் சப்பாத்து, சுவரில் சாய்த்த இரண்டு ஊன்றுகோல். ஜஸ்லீன் சோபாவில் காலை நீட்டியபடி இருந்தாள். தொடையெலும்பில் தகடு, இடுப்பில் நாலு ஆணி. அவளுடைய எக்ஸ்ரே படம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அப்படியானவை தினமும் என் திரையில் வருகின்றன. படிப்பை நிறுத்திவிட்டாள். விசா மே மாதம் முடிகிறது.

ஆங்கிலத்தில்தான் பேசினோம். தோழி தேநீர் தந்துவிட்டு உள்ளே போனாள். நான் மன்னிப்புக் கேட்டேன். ஜஸ்லீன் தேநீரை ஊதியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உன் தம்பியைப் பற்றிப் பொலிசுக்கு நீதான் சொன்னாய் என்று வக்கீல் சொன்னார்."

"ஓம்."

"சனிக்கிழமை மோதினான். நீ வெள்ளிக்கிழமை சொன்னாய். அந்த ஆறு நாளும் நீ என்ன செய்தாய்?"

பயந்துபோயிருந்தேன், வீட்டில் வற்புறுத்தினார்கள், எனக்குச் சரியாகத் தெரியாது. எல்லாம் வாயில் தயாராக இருந்தன. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபமாகக்கூட இல்லை. உண்மையாகவே அறிய விரும்பினாள்.

"ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவினேன்," என்றேன்.

அவள் கோப்பையை வைத்தாள்.

"முன் பம்பரில் செம்மஞ்சள் துணித்துண்டு ஒன்று கொளுவியிருந்தது. உணவு கொண்டுபோகும் பையின் துணி. எனக்கு அது என்னவென்று அப்போதே தெரிந்தது. கொஞ்சம் இரத்தமும் இருந்தது. துணியைக் குப்பையில் போட்டேன். இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். ஒருவரும் என்னைக் கழுவச் சொல்லவில்லை."

இதை நான் இந்தக் கொப்பியில்கூட எழுதவில்லை. வெயில் எறித்தது என்று எழுதியிருக்கிறேன்.

மேல் வீட்டில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது.

"பொலிசுக்குச் சொன்னாயா?"

"இல்லை."

"பிறகு எனக்கு எதற்குச் சொல்கிறாய்?"

நான் கைப்பையை மடிக்கு எடுத்தேன்.

"உனக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டுமா? நல்ல பிள்ளை, உண்மையைச் சொன்னாய் என்று தலையைத் தடவ வேண்டுமா?" குரல் உயரவே இல்லை. "என்னால் எழும்ப முடியாது. போகும்போது கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போ. குளிர் வருகிறது."

சாத்திவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் திரும்பி வர இரண்டு மணித்தியாலம் எடுத்தது. பயிற்சி முடிய இன்னும் ஏழு வாரம். மருந்துக்கடையில் சேர்த்த காசு, படிப்பு, எல்லாம் அந்த ஏழு வாரத்துக்கு அந்தப்பக்கம் இருக்கின்றன. தடயத்தை அழிப்பது குற்றம் என்று போனில் வாசித்தேன். நான் யாரையாவது காப்பாற்றத்தான் கழுவினேனா, அது கூட இப்போது நிச்சயமில்லை. ஆருஜனை நினைத்துக் கழுவவில்லை. அது என் கார், அதில் அழுக்கு இருக்கக் கூடாது என்று நினைத்ததாகத்தான் ஞாபகம்.

அதிகாரியின் இலக்கத்துக்கு எடுத்தேன். நாளை காலை ஒன்பது மணிக்குத்தான் இருப்பார் என்றார்கள். நான் ஏழு மணிக்கு எக்ஸ்ரே பிரிவில் நிற்க வேண்டியவள். நாளை வரமாட்டேன் என்று மேற்பார்வையாளருக்குச் செய்தி அனுப்பினேன். சுகமில்லையா என்று கேட்டு உடனே பதில் வந்தது.

சுகமாக இருக்கிறேன், பொலிஸ் நிலையத்துக்குப் போகிறேன் என்று எழுதி அனுப்பினேன்.